ஒரு பெட்டி வெள்ளி டாலர்: விற்கப் போகும் முன் யாராவது சொல்லியிருக்கலாம்

1921 என்று வருடம் பொறித்த அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று கைக்கு வந்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது, "நூறு வருஷத்துக் காசு, பெரிய விலைக்குப் போகும்" என்பதுதான். போகாது. அந்த ஒரே வருடத்தில் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ மூன்று நாணயச்சாலைகளும் சேர்ந்து 8 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் மார்கன் என்ற வகை வெள்ளி டாலர்களை அடித்துத் தள்ளின. புழக்கத்தில் தேய்ந்த 1921 மார்கனுக்கு டீலர் தருவது அதிலுள்ள வெள்ளியின் விலை, அதற்கு மேல் ஆள் பார்த்துக் கொஞ்சம். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலரிடம் இந்தக் காசுகள் வந்து சேர்கின்றன. வீட்டுச் சாமான் விற்பனையில் பெட்டியோடு கிடைக்கும், வேலை பார்த்த இடத்தில் பெரியவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்திருப்பார். என்னிடம் வந்ததும் அப்படி மொத்தமாக வாங்கிய ஒரு பழைய சுருட்டுப் பெட்டிதான். அதை வகை பிரித்து விற்று முடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, சில நூறு டாலர் தேவையில்லாமல் கைவிட்டுப் போயிற்று. கேட்க ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதை வரிசையாகவே சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டியது, எந்தக் காசு எந்த வகை என்று பிரிப்பது. 1878 முதல் 1904 வரையிலும், மறுபடி 1921-லும் வந்தவை மார்கன் டாலர்கள். இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் செதுக்குநராக வேலை பார்த்த ஜார்ஜ் மார்கன் வடித்த பெண் முகம் முன்பக்கம், சிறகு விரித்த கழுகு பின்பக்கம். 1921 முதல் 1928 வரை, பிறகு 1934, 1935 ஆண்டுகளில் வந்தவை பீஸ் டாலர்கள். அந்தோணி டி பிரான்சிசி வடிவமைத்தவை. தலையில் கதிர்முடி, பின்பக்கம் பாறைமேல் அமர்ந்த கழுகு. இரண்டுமே எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 பங்கு வெள்ளி, 10 பங்கு செம்பு. 1971 முதல் வந்த ஐசன்ஹோவர் டாலர் இதே அளவில் இருப்பதால் பெட்டியில் கலந்து கிடக்கும். அதில் பெரும்பாலானவற்றில் வெள்ளியே கிடையாது. சேகரிப்பாளர்களுக்காகத் தனியாக அடித்த, ‘எஸ்’ குறி போட்ட சிலவற்றில் மட்டும் 40 சதவீதம் உண்டு. எளிய வழி விளிம்பைப் பார்ப்பது: ஓரத்தில் செம்பு நிறக் கோடு ஓடினால் வெள்ளி இல்லை. 24.59 கிராம் எடை வந்தால் அது 40 சதவீத வகை, 22.68 என்றால் வெறும் செம்பு நிக்கல்.

அடுத்தது மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும் சின்ன எழுத்து. மார்கனில் அது பின்பக்கம், இலை வளையத்தின் முடிச்சுக்குக் கீழே இருக்கும். பீஸ் டாலரில் பின்பக்கத்தில் ‘ஒன்’ என்ற சொல்லுக்குக் கீழே. எழுத்தே இல்லையென்றால் பிலடெல்பியா. ‘ஓ’ என்றால் நியூ ஆர்லியன்ஸ், ‘எஸ்’ சான் பிரான்சிஸ்கோ, ‘டி’ டென்வர், ‘சிசி’ என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி. ஒரு தாளில் வருடமும் குறியும் எழுதி எண்ணிக்கை போட்டுவிடுங்கள். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், கீழே துண்டு ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். பட்டியல் இல்லாதவரிடம் கடைக்காரர் காசைப் பார்ப்பதே இல்லை, தராசில் கொட்டி மொத்த விலை சொல்லிவிடுவார்.

அந்த மொத்த விலையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. எனக்குப் பணம் போன முதல் இடம் அது. ஒரு மார்கன் அல்லது பீஸ் டாலரில் சுத்த வெள்ளி 0.7734 ட்ராய் அவுன்ஸ், அதாவது 24 கிராமுக்குச் சற்று மேல். அன்றைய ஸ்பாட் விலையை, அதாவது சந்தையில் ஒரு அவுன்ஸ் வெள்ளியின் விலையை, இந்த எண்ணால் பெருக்கினால் உருக்கு விலை, அதாவது காசை உருக்கினால் கிடைக்கும் வெள்ளியின் விலை. வெள்ளி அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு காசுக்கு 23 டாலர் 20 சென்ட். ஆனால் பழைய வெள்ளிச் சில்லறைக்கு, அதாவது 1964 வரையிலான பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர்களுக்கு, முகமதிப்பு ஒரு டாலருக்கு 0.715 அவுன்ஸ் என்பதுதான் வியாபார வழக்கு. சில்லறையில் டாலருக்கான வெள்ளி இயல்பிலேயே குறைவு, தேய்மானத்தையும் கழித்து வைத்த எண் அது. நான் முதலில் போன கடையில் வெள்ளி டாலருக்கும் அதே 0.715-ஐப் போட்டார்கள். வித்தியாசம் 0.058 அவுன்ஸ்தான். 30 டாலர் விலையில் ஒரு காசுக்கு ஒன்றே முக்கால் டாலர், நூறு காசுக்கு 175 டாலர். வீட்டுக்கு வந்து கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அதன்பிறகு எந்தக் கடையிலும் முதல் கேள்வியாக இரண்டைத்தான் கேட்பேன்: இன்றைக்கு ஸ்பாட் என்ன, ஒரு காசுக்கு எத்தனை அவுன்ஸ் வைத்துப் பேசுகிறீர்கள்? நேர்மையான டீலர் இரண்டையும் பட்டென்று சொல்லிவிடுவார். வெள்ளி திடீரென்று ஏறும் நாட்களில் டீலர்கள் தேய்ந்த காசுகளை உருக்கு விலைக்கும் கீழே கேட்பதுண்டு. உருக்காலையில் சரக்கு தேங்கும், அந்த வட்டியை நம் தலையில் கட்டுவார்கள். அவசரம் இல்லையென்றால் அந்த வாரம் விற்காமல் இருப்பது நல்லது.

உருக்கு விலை என்பது தரை. அதற்கு மேல் எது எவ்வளவு உயரம் போகும் என்பதில்தான் எல்லாரும் குழம்புகிறார்கள். "எத்தனை அடித்தார்கள்" என்ற எண்ணை இணையத்தில் பார்த்துவிட்டு, குறைவாக அடித்தது என்றால் அபூர்வம் என்று முடிவு கட்டுகிறார்கள். வெள்ளி டாலரில் அந்தக் கணக்கு உதவாது. 1878-இல் வந்த பிளாண்ட்-அல்லிசன் சட்டம் மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கிக் காசு அடிக்கச் சொல்லி அரசைக் கட்டாயப்படுத்தியது. சுரங்க முதலாளிகளுக்காக வந்த சட்டம் அது, மக்கள் இந்தக் கனத்த காசைக் கேட்கவில்லை. அதனால் அடித்ததில் பெரும்பகுதி மூட்டை மூட்டையாகக் கருவூலத்திலேயே கிடந்தது. பிறகு 1918-இல் பிட்மன் சட்டம் வந்து 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கிவிட்டது. அதில் பெரும்பங்கு பிரிட்டன் வழியாக இந்தியாவுக்குத்தான் வந்தது. முதல் உலகப் போர் நேரத்தில் இந்தியாவில் வெள்ளி ரூபாய்க்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. ஒரு ரூபாய்க்கும் இரண்டரை ரூபாய்க்கும்கூட அவசரமாகத் தாள் அச்சிட்ட காலம். நம் தாத்தா பாட்டி பானையில் போட்டு வைத்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மார்கன் டாலரின் வெள்ளி கலந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. உருக்கியவர்கள் எந்த வருடம், எந்த நாணயச்சாலைக் காசு என்று குறித்து வைக்கவில்லை. ஆகவே எவ்வளவு அடித்தார்கள் என்பது தெரிந்தாலும், எவ்வளவு தப்பிப் பிழைத்தது என்பதை அந்த எண் சொல்லாது.

மிஞ்சிய மூட்டைகள் வெளியே வந்த விதமும் விலையைப் புரட்டிப் போட்டது. 1903-ஓ காசு, அதாவது அந்த வருடம் நியூ ஆர்லியன்ஸில் அடித்தது, 1962 வரைக்கும் கிடைக்காத கனி. புத்தம்புதுக் காசுக்கு விலைப்பட்டியலில் 1,500 டாலர் போட்டிருந்தார்கள். அந்த வருடக் கடைசியில் கருவூலம் பழைய மூட்டைகளை அவிழ்க்க, 1903-ஓ கொட்டியது, விலை 30 டாலர் அளவுக்குச் சரிந்தது. சேர்த்து வைத்தவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். 1964 மார்ச்சில் கருவூலம் காசு தருவதை நிறுத்தியபோது உள்ளே மிச்சம் இருந்தது சுமார் 30 லட்சம். அதில் பெரும்பாலானவை கார்சன் சிட்டி காசுகள். அவற்றை ஜிஎஸ்ஏ என்ற அரசு நிறுவனம் 1972 முதல் 1980 வரை கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றது. 1881-சிசி மொத்தம் அடித்ததே 2,96,000. அதில் ஏறத்தாழ பாதி அந்த விற்பனையில் புதுக் கருக்கு மாறாமல் வந்துவிட்டது. 1886-ஓ அடித்ததோ ஒரு கோடியே 7 லட்சம், ஆனால் நல்ல நிலையில் தேடினால் கிடைக்காது. இன்று தேயாத, உயர்ந்த தரக் காசுக்கு 1881-சிசியைவிட 1886-ஓ பல மடங்கு விலை. தேய்ந்த 1886-ஓ மட்டும் சாதாரணக் காசின் விலைதான். 1884-எஸ் இன்னும் விசித்திரம்: புழங்கியதை யாரும் வாங்கலாம், உயர் தரத்தில் விலை ஆறு இலக்கத்துக்குப் போகும். ஒரு சின்னத் தகவல், உங்கள் பெட்டியில் அந்த ஜிஎஸ்ஏ பிளாஸ்டிக் உறையோடு ஒரு காசு இருந்தால் உடைத்து எடுத்துவிடாதீர்கள். உறைக்கும், அதோடு வந்த கறுப்புப் பெட்டிக்கும் சீட்டுக்கும் தனி மதிப்பு உண்டு.

தேய்ந்து போனாலும் விலை போகிற காசுகள் சில உண்டு, அவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். மார்கனில் 1893-எஸ் தான் ராஜா, அடித்தது ஒரு லட்சம், எழுத்து மழுங்கிய காசே சில ஆயிரம் டாலர். 1889-சிசி அதற்கு அடுத்து. 1895 பிலடெல்பியா காசு, சேகரிப்பாளர்களுக்காக மெருகோடு தனியாக அடித்த 880 ‘புரூஃப்’ காசுகள் தவிர வேறு தென்படவே இல்லை. 1879-சிசி, 1893-சிசி, 1894 பிலடெல்பியா, 1893-ஓ இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பீஸ் டாலரில் 1921-இல் வந்த, படம் மேடாக எழும்பிய வடிவம், 1928 பிலடெல்பியா (3,60,649 மட்டும்), 1934-எஸ். 1922, 1923 பிலடெல்பியா காசுகள் குவியல் குவியலாகக் கிடைக்கும், அவற்றில் மனதைச் செலவழிக்க வேண்டாம். பெட்டியில் 1804 டாலர் இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். உலகில் தெரிந்தது 16 தான், அவற்றில் எதுவும் 1804-இல் அடித்ததே அல்ல. 1964 என்று போட்ட பீஸ் டாலரும் அப்படியே: டென்வரில் 1965-இல் அடித்த 3,16,076 காசுகளையும் அரசு உருக்கிவிட்டது.

இனி காசின் நிலை. மார்கனில் தேய்மானம் முதலில் தெரிவது காதுக்கு மேலே உள்ள முடியிலும் கழுகின் நெஞ்சிலும். ஆனால் நியூ ஆர்லியன்ஸ் காசுகள் பல அச்சு சரியாக விழாமல் பிறக்கும்போதே அந்த இடங்களில் தட்டையாக இருக்கும். தேய்ந்ததா, அச்சு விழாததா என்று பார்க்க விளக்கின் கீழே காசை மெல்லச் சாய்த்துத் திருப்புங்கள். புதுக் காசில் ஒளி மையத்திலிருந்து கீற்றாக எழுந்து வண்டிச்சக்கரம் போலச் சுற்றி வரும். அந்தச் சுற்று எங்கும் அறுபடாமல் ஓடினால் அது புழங்காத காசு. கன்னத்தில் உள்ள சின்னச் சின்ன வெட்டுகள் மூட்டைக்குள் காசோடு காசு மோதியவை, தேய்மானம் அல்ல.

எனக்கு மனசு விட்டுப்போன இடம் இதுதான். என் பெட்டிக்கு முந்தைய சொந்தக்காரர் எல்லாவற்றையும் பாலிஷ் போட்டு வைத்திருந்தார். பளபளவென்று மின்னியபோது மகிழ்ந்தேன். லென்ஸில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள், ஒளியைச் சுற்றினால் சக்கரமே இல்லை. சமையல் சோடா, பற்பசை, வெள்ளி பாலிஷ், நகைக்கடைத் துணி எதுவானாலும் மேற்பரப்பின் மிக நுண்ணிய அச்சுக் கோடுகளைச் சீவிவிடும். பிறகு காசின் தரத்துக்கு எண் போடும் பெரிய கிரேடிங் நிறுவனங்கள் அதற்கு எண் தராமல், ‘தேய்த்துக் கழுவியது’ என்று எழுதி அனுப்பும், விலை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். கறுப்போ நீலமோ ஏறியிருப்பது அழுக்கு அல்ல, அந்த நிறத்துக்காகவே கூடுதல் பணம் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒரே விதிவிலக்கு, மென்மையான பிவிசி உறையில் வைத்ததால் ஒட்டும் பச்சைப் பிசின். அதற்கு மட்டும் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோனில் சில நிமிடம் ஊற வைத்து, தேய்க்காமல், புதிய அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, தானாக உலர விடலாம். நகப்பூச்சு அகற்றும் திரவம் வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் செய்யுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

போலிக்கு வருவோம். இணையச் சந்தைகளில் சீனத்துப் போலி மார்கன்கள் மலிந்து கிடக்கின்றன, ஆசிய வணிகத்துக்காக அடித்த டிரேட் டாலர் என்ற பழைய வகையில் இன்னும் மோசம். முதலில் காந்தம், ஒட்டினால் பேச்சே இல்லை. அடுத்து 0.01 கிராம் காட்டும் தராசு. தேயாத காசு 26.73-க்கு மிக அருகில் நிற்க வேண்டும், நன்றாகத் தேய்ந்தது 26 அளவுக்கு இறங்கலாம். டிரேட் டாலருக்கு 27.22. எடையைச் சரியாகச் செய்த போலிகளும் உண்டு என்பதால் அடர்த்தியையும் பார்த்துவிடுங்கள். தராசில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து சுழியாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, கிண்ணத்தின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். நீர்க்குமிழ் ஒட்டியிருந்தால் தட்டி விடுங்கள், தண்ணீரில் ஒரு துளி பாத்திரச் சோப்பு விட்டால் குமிழ் ஒட்டாது. அப்போது தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். அசல் காசுக்குத் தராசு 2.59 சொச்சம் காட்டும், வகுத்தால் 10.3 பக்கம் வரும். பித்தளை, நிக்கல் கலவைக் காசு 3.1 அளவுக்குக் காட்டி 8.5 பக்கம் விழும். முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடைக்காமல் துணியில் ஒற்றி எடுங்கள்.

இந்தச் சோதனை எல்லாம் தாண்டிய ஒன்றுதான் என் பெட்டியில் இருந்த 1893-எஸ். எடை சரி, அடர்த்தி சரி. அன்று இரவு தூக்கம் வரவில்லை, மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அசல் 1893-எஸ் காசின் முன்பக்கத்தில் தலைமேல் உள்ள லிபர்ட்டி என்ற சொல்லில் ‘டி’ எழுத்தின் மேல்பகுதிக்குள் சாய்வாக ஒரு நுண்ணிய மேட்டுக் கோடு இருக்கும், அச்சிலேயே விழுந்த கீறல் அது. பத்து மடங்கு லென்ஸில் தேடினால் கோடு இல்லை. பின்பக்கம் ‘எஸ்’ எழுத்தின் அடியில் மெல்லிய வெடிப்பு, சுற்றிலும் நிறம் கொஞ்சம் வேறு. யாரோ அசல் 1893 பிலடெல்பியா காசில் எழுத்தை ஒட்டியிருக்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் 1893 பிலடெல்பியாவே குறைவாக அடித்த காசு, தேய்ந்ததுகூட நூறு டாலருக்கு மேல் போகும். ஒட்டியதால் அதுவும் கெட்டு, இப்போது வெள்ளி விலைதான். எழுத்து ஒட்டுவது போலவே, எழுத்தைச் சுரண்டி எடுப்பதும் நடக்கிறது. 1928 பிலடெல்பியா பீஸ் டாலர் என்று வருவதில் சில, ‘எஸ்’ சுரண்டிய சான் பிரான்சிஸ்கோ காசுகள். ஆகவே விலை உயர்ந்த காசுகளில் எடை தேறியது என்பதை வைத்து மட்டும் பணம் கொடுக்காதீர்கள்.

கிரேடிங்குக்கு அனுப்புவதா என்ற கேள்வி அப்போதுதான் வரும். கிரேடிங் நிறுவனங்களில் பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும்தான் சந்தையில் தயக்கமின்றி ஏற்கப்படுபவை. 1 முதல் 70 வரை எண் கொடுத்து, முத்திரை வைத்த பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். 60 முதல் மேலே புழங்காத காசு. கட்டணம், போக வர தபால், காப்பீடு எல்லாம் கூட்டினால் சாதாரண 1921 மார்கனுக்குக் கட்டுப்படியாகாது. கிரேடு வந்தால் விலை குறைந்தது முந்நூறு டாலராவது இருக்கும் என்ற காசை மட்டும் அனுப்புவது என் கணக்கு. பாலிஷ் போட்டதை அனுப்பினால் கட்டணம் வீண். காத்திருப்பு வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதங்கள். அந்த இடைவெளியில் வெள்ளி விலை எங்கு வேண்டுமானாலும் போகலாம். வேறு பெயர்களில் கூடு அடைத்து எம்எஸ் (புழங்காத காசுக்கான குறி) 66, 67 என்று தாராளமாக எழுதித் தருபவர்கள் உண்டு, அந்தச் சீட்டுக்கு டீலர்கள் மதிப்பே தருவதில்லை.

விற்கும்போது குவியலை மூன்றாகப் பிரித்தேன். தேய்ந்த சாதாரணக் காசுகளை உருக்கு விலை தெரிந்துகொண்டு அதிகம் தருகிற டீலருக்கு. நடுத்தர விலைக் காசுகளைத் தனித்தனியாக, இரண்டு மூன்று இடத்தில் காட்டி. பெரியது எதுவும் இருந்தால் கூட்டில் அடைத்து ஏலத்துக்கு. விலையைத் தெரிந்துகொள்ள இபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. சில்லறை விலைப்பட்டியலில் உள்ளதை டீலர் தருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவருக்கு லாபம் வேண்டும். நடுத்தரக் காசுக்குப் பட்டியல் விலையில் எழுபது சதவீதம் வந்தால் நான் கொடுத்துவிடுவேன்.

தபாலில் அனுப்புவதென்றால் அமெரிக்க அஞ்சல் துறையின் ரெஜிஸ்டர்டு மெயில்தான் பாதுகாப்பு, 50,000 டாலர் வரை காப்பீடு எடுக்கலாம். மெதுவாகத்தான் போகும். மூட்டு எல்லாவற்றையும் காகித நாடாவால் ஒட்ட வேண்டும், பளபளப்பான பிளாஸ்டிக் டேப் ஒட்டினால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதில் முத்திரை பதியாது. உள்ளே காசு குலுங்கும் சத்தம் கேட்கக் கூடாது. வருமான வரியில் காசுகள் கலெக்டிபிள், அதாவது சேகரிப்புப் பொருள், என்ற வகையில் வருவதால், ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம். மரபாக வந்த காசு என்றால் கொடுத்தவர் இறந்த நாளின் சந்தை விலைதான் அடக்க விலை, அதனால் அந்தத் தேதியின் வெள்ளி விலையையும் காசுப் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விலைக்கு வாங்கியது என்றால் ரசீதை, அது கையால் எழுதிய துண்டுச்சீட்டு ஆனாலும், எறிந்துவிடாதீர்கள்.